கடலோரத்தில் கூடி உட்கார்ந்து ‘லைஃப் ஆஃப் பை’ படிப்பது எப்படி

யான் மார்ட்டலின் ‘லைஃப் ஆஃப் பை’ 2001இல் வந்து, 2002இல் புக்கர் பரிசு வாங்கி, 2012இல் படமாகவும் வந்துவிட்டது. அதனால் புலியோடு ஒரு பையன் படகில் கிடந்த கதைதானே என்று படிக்காதவர்களும் சொல்லிவிடுவார்கள். தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, நாவலே பார்த்துக்கொள்ளும். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்துக்கு மேற்கே பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று கேரள எல்லை வரை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் நம் ஊர்களிலோ, எல்லை தாண்டிப் பொழியூரிலோ பத்துப் பேரைச் சேர்த்து இதைப் படிக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஏன் கூட்டமாக, ஏன் இங்கே? நாவலின் பெரும்பகுதி கடல். கடலுக்குப் போகிறவர்கள் பக்கத்தில் இல்லாமல் அதைப் படித்தால் பாதிதான் கைக்கு வரும். அதைவிட முக்கியமானது, கடைசியில் நாவல் ஒரு கேள்வி கேட்கிறது. கடலில் கிடந்தவனின் பாட்டை முழுசாக உணராதவர்கள் அந்தக் கேள்விக்கு ரெண்டு நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அப்படிப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் நடத்துகிறவரின் வேலை.

ஒரு எச்சரிக்கை. நடத்துகிறவருக்காக எழுதுவதால் முடிவு வரை எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். கேட்க வருகிறவர்களுக்கு இதைக் காட்டாதீர்கள்.

காலமும் ஆளும்

மேற்குக் கடற்கரைக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். கொச்சியிலும் முனம்பத்திலும் தொழில் பார்க்கிற நம் ஆழ்கடல் போட்டுக்காரர்கள் வீட்டில் இருப்பது அப்போதுதான். வெளியே மழை, கரையை அடித்துத் தின்கிற கடல், சாயங்காலம் ஆனால் ஆண்கள் பேச்சுக்கு ஏங்கி உட்கார்ந்திருப்பார்கள். இதைவிட நல்ல காலம் கிடையாது. சிறு வள்ளங்களில் தொழில் செய்கிறவர்கள் அந்த மாதங்களிலும் கடல் அமர்ந்திருக்கிற நாளில் போவார்கள், அதனால் விடியற்காலையில் எழ வேண்டியவர்களை மனதில் வைத்து ராத்திரி சீக்கிரம் முடித்துவிடுங்கள். கதையில் கப்பல் மூழ்குவதும் ஜூலை 2ஆம் தேதிதான், 1977இல்.

ஆள் சேர்க்கும்போது படித்தவர்களை மட்டும் சேர்த்தால் எல்லாம் வீணாகிவிடும். ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போன பெரியவர்கள் ரெண்டு பேராவது வேண்டும், வேதக்கிளாஸ் எடுக்கிற ஒரு ஆசிரியை, கல்லூரி போகிற பிள்ளைகள், உள்ளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இந்து நண்பர், தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ குளச்சலிலிருந்தோ ஒரு முஸ்லிம் நண்பர். பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். கடலில் கிடந்தவனின் கதை ஒன்று என்றால், கரையில் காத்திருந்தவளின் கதை இன்னொன்று. அந்த ரெண்டாவது கதை நாவலில் கிடையாது, அதை நம் வீட்டுப் பெண்கள்தான் சொல்ல வேண்டும்.

புத்தகம் எல்லோர் கையிலும் இருக்க வேண்டுமென்பதில்லை. நாகர்கோவில் மாவட்ட நூலகத்திலோ திருவனந்தபுரம் பாளையத்தில் இருக்கும் மாநில மத்திய நூலகத்திலோ தேடி ஒன்றிரண்டு பிரதி எடுத்தால் போதும். ஒருவர் அன்றைய பகுதியை முந்தின நாளே படித்துவிட்டு வந்து, நம் பேச்சில், கதையாகச் சொல்ல வேண்டும். முக்கியமான இடங்களை மட்டும் புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் சரி. சொல்கிற ஆள் தினமும் மாறட்டும். ஒரே கதை ஆளுக்கு ஆள் எப்படி மாறுகிறது என்பதைக் கூட்டத்தில் இருப்பவர்கள் தாங்களே கவனிப்பார்கள், கடைசிப் பகுதிக்கு அது பிரமாதமாக உதவும்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே செய்துவிடுங்கள். ஒக்கிப் புயல் அடித்தது 2017 நவம்பர் 30இல். தகவல் எட்டாத தூரத்தில் கிடந்த போட்டுகள் எத்தனையோ திரும்பவில்லை, இந்த ஊர்களில் அதில் யாரையும் இழக்காத தெரு கிடையாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தால் முதல் நாளைக்கு முன்பே தனியாகப் பார்த்து, இன்ன இடத்தில் கப்பல் மூழ்கும், பையன் தாய் தகப்பனையும் அண்ணனையும் இழப்பான் என்று சொல்லிவிடுங்கள். வருவதும், வந்து நடுவில் எழுந்து போவதும் அவர்கள் விருப்பம். எழுந்து போகிறவரைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது என்று மற்றவர்களிடம் சொல்லி வையுங்கள்.

முதல் பாகம்: சாமிகள்

மொத்தம் 100 அத்தியாயம், மூன்று பாகம். முதல் 36 புதுச்சேரி, 37 முதல் 94 வரை பசிபிக் கடல், கடைசி ஆறு மெக்சிகோவில் ஒரு ஆஸ்பத்திரி. அத்தியாயக் கணக்கில் நாட்களைப் பிரிக்காதீர்கள். சில அத்தியாயம் ரெண்டே சொல், சில பல பக்கம்.

முதல் பாகத்தில் பொறுமை இழப்பார்கள். புலி எப்போ வரும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கதை நாயகன் பையின் தகப்பன் நடத்தும் மிருகக்காட்சிசாலை பற்றிய நீளமான விவரங்களைச் சுருக்கிச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் எட்டாம் அத்தியாயத்தை விடாதீர்கள்: தகப்பன் தன் ரெண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு போய், பட்டினி போட்ட புலி ஒரு ஆட்டை அடிப்பதைக் கண்ணால் பார்க்க வைக்கிறார். புலி நம் சிநேகிதன் இல்லை என்ற அந்தப் பாடம் மனதில் இல்லாமல் பின்னால் வரும் படகுக் காட்சிகளைக் கேட்டால், ஏதோ வளர்ப்புப் பூனைக் கதையாகிவிடும்.

அப்புறம் சாமிகள். பை பிறப்பால் இந்து. பதினாலு வயதில் குடும்பத்தோடு மூணாறுக்குப் போனபோது அங்கே மூன்று குன்றுகளில் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் இருப்பதைப் பார்க்கிறான், மார்ட்டின் என்ற பாதிரியாரைச் சந்திக்கிறான், இயேசுவின் கதையைக் கேட்டுக் குழம்பி, திரும்பத் திரும்பப் போய்க் கடைசியில் அதில் விழுந்துவிடுகிறான். புதுச்சேரிக்கு வந்த பிறகு ரொட்டி சுடும் ஒரு சூஃபியிடம் தொழுகை கற்கிறான். ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போகவில்லை, மூன்றையும் வைத்துக்கொள்கிறான். இதைக் கேட்டதும் நம் ஊரில் உடனே நட்டாலத்து தேவசகாயம் பிள்ளையின் பேச்சு வரும், 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டவர் ஆச்சே. பேசட்டும். அவர் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்து அதற்காக உயிரையும் கொடுத்தவர், இவனோ எதையும் விடாதவன். ரெண்டில் எது கஷ்டம் என்று கேட்டுவிட்டு நீங்கள் சும்மா இருந்துவிடுங்கள். பேச்சு தானாக ஓடும்.

இருபத்துமூன்றாம் அத்தியாயத்தில் கவனம் வேண்டும். கடற்கரைச் சாலையில் பூசாரியும் பாதிரியாரும் இமாமும் ஒரே நேரத்தில் பையின் குடும்பத்தின் முன்னால் வந்து நின்று, இவன் எங்கள் பிள்ளை என்று ஒருவரையொருவர் குத்திப் பேசிக்கொள்ளும் இடம். படிக்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் 1982இல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் இருக்கும் இடத்தில் இந்தச் சண்டையை யார் வாயால் சொல்ல வைக்கிறோம் என்பது முக்கியம். நான் சொல்லும் வழி இது. பூசாரியின் பேச்சைக் கிறிஸ்தவர் சொல்லட்டும், பாதிரியாரின் பேச்சை முஸ்லிம் நண்பர் சொல்லட்டும், இமாமின் பேச்சை இந்து நண்பர் சொல்லட்டும். அடுத்தவர் பக்கத்து வாதத்தை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்போது குரல் தானாகவே தணிந்து வரும். மூணாறு அத்தியாயத்தையும் கிறிஸ்தவர் அல்லாத ஒருவரே சொல்வது நல்லது. சாமி எதற்குச் சாக வேண்டும் என்று பை கேட்கும் கேள்வியை நாம் சின்ன வயதிலிருந்தே பதிலோடு சேர்த்துக் கேட்டுப் பழகிவிட்டோம், புதிதாகக் கேட்பவர் வாயில்தான் அந்தக் கேள்விக்கு உயிர் வரும்.

இரண்டாம் பாகம்: கடல்

குடும்பமும் மிருகங்களும் போன கப்பல் மூழ்கி, பை உயிர்காக்கும் படகில் தப்பிக் கிடக்கும் பாகம் இது. இங்கே அவசரமே கூடாது. இருக்கிற நாட்களில் பாதிக்கு மேல் இதற்கே கொடுங்கள்.

முதல் வேலையாக, படகைத் தரையில் வரைந்துவிடுங்கள். உயிர்காக்கும் படகின் அளவு புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது: நீளம் 26 அடி, அகலம் 8 அடி, ஆழம் மூன்றரை அடி. கோயில் முற்றத்து மணலில் கயிறு பிடித்து அளந்து கோடு போடுங்கள். பக்கத்தில் ஒரு ஃபைபர் வள்ளம் ஏற்றிப் போட்டிருந்தால் இன்னும் நல்லது, கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிறகு கோட்டுக்குள் ஆட்களை நிறுத்துங்கள். கால் ஒடிந்த வரிக்குதிரைக்கு ஒருவர், கழுதைப்புலிக்கு ஒருவர், ஒராங்குட்டானுக்கு ஒருவர், ஒரு பக்கத்தில் தார்பாயை விரித்து அதன் கீழே புலி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், பைக்கு மிஞ்சுகிற இடம் எவ்வளவு என்று அங்கே ஒரு பையனை உட்கார வையுங்கள். தார்பாய்க்கும் அவன் முழங்காலுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்ததுமே பிள்ளைகளின் சிரிப்பு நின்றுவிடும். அங்கேயே உட்கார்ந்தபடி அன்றைய கதையைக் கேட்கட்டும். 227 நாள் என்ற கணக்கு அதற்கப்புறம் வெறும் எண்ணாக இருக்காது.

அடுத்தது 52ஆம் அத்தியாயம். அது முழுக்க ஒரு பட்டியல், படகில் என்னென்ன இருந்தது என்று. அரை லிட்டர் தண்ணீர் டின் 124, அவசர உணவுப் பொட்டலம் 31, வெயிலில் கடல்நீரைக் காய்ச்சி நன்னீராக்கும் கருவி 12, கம்பளி 16, இப்படியே எண்ணிக்கொண்டு வந்து ஒரு பையன், ஒரு கழுதைப்புலி, ஒரு புலி, ஒரு படகு, ஒரு கடல், ஒரு கடவுள் என்று முடியும். இதைச் சுருக்கவே கூடாது, வரிக்கு வரி வாசியுங்கள். வாசித்ததும் போட்டுக்காரர்களைப் பார்த்து, தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கித் தொழில் செய்யப் போகும்போது நீங்கள் என்ன ஏற்றுவீர்கள் என்று கேளுங்கள். தண்ணீர் எத்தனை பீப்பாய், ஐஸ் எத்தனை பிளாக், அரிசி, டீசல், மருந்து, எந்த மாதாவின் படம், எந்தப் புனிதரின் சுரூபம். ஒரு பிள்ளை அதை எழுதிக்கொள்ளட்டும். ரெண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பதைப் போல இந்த நாவலுக்குள் நுழைய வேறு நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

தண்ணீர் விஷயத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் ஏன் குடிக்க முடியாது? ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அவ்வளவு உப்பை உடம்பிலிருந்து வெளியேற்ற சிறுநீரகத்துக்குக் குடித்ததைவிட அதிகத் தண்ணீர் தேவைப்படும், அதனால் குடிக்கக் குடிக்க உடம்பு வற்றும். பையின் கருவி வேலை செய்யும் விதத்தை ஒரு பேசினில் செய்தே காட்டிவிடலாம். அடியில் உப்புத்தண்ணீர், நடுவில் ஒரு சின்ன டம்ளர், மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி நடுவில் ஒரு கல், வெயிலில் வைத்தால் ஆவி தாளில் படிந்து டம்ளரில் சொட்டும். தடைக்காலத்து மழையில் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும்தான். ஒரு பகல் முழுக்க வைத்தும் டம்ளரின் அடியில் எவ்வளவு சேர்ந்தது என்று பார்க்கிற பிள்ளைக்குத் தாகம் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டாம்.

புலியைப் பழக்கும் இடத்தில்தான் பெரியவர்கள் சூடு பிடிப்பார்கள். படகை அலைக்குக் குறுக்கே திருப்பி, ஆட்டத்தில் புலிக்குக் குமட்டல் வரும் நேரம் பார்த்து விசில் ஊதி, விசில் சத்தம் கேட்டாலே வயிறு புரட்டும்படி செய்கிறான் பை. ‘குறுக்கே போட்டா புலிக்கு மட்டுமா மக்களே கொமட்டும், அவனுக்கும் கொமட்டணுமே’ என்று ஒரு மாமா ஆரம்பித்தால் நிறுத்தாதீர்கள். புயலில் வள்ளத்தின் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, எந்தப் பக்கம் வைக்க வேண்டும், எஞ்சின் நின்றுபோனால் முன்னால் எதைக் கட்டித் தண்ணீரில் இழுக்கவிட வேண்டும், கச்சான் காற்றில் எப்படி, வாடையில் எப்படி, நீவாடு என்கிற கடல் நீரோட்டம் மாறினால் எப்படி என்று அவர்கள் பேசப் பேச, பை செய்வதில் எது நடக்கும் எது நடக்காது என்று அவர்களே பிரித்துச் சொல்வார்கள். நடக்காது என்று அவர்கள் சொல்வதையும் எழுதி வையுங்கள். கதை பொய் என்று காட்டுவதற்காக அல்ல. எந்த இடத்தில் கதை கடலை விட்டு விலகுகிறது என்று தெரிந்தால், ஏன் விலகுகிறது என்று கடைசியில் கேட்கலாம்.

சைவக்காரனான பை முதல் மீனைக் கொல்லும் இடத்தில் கூட்டம் ரெண்டாகப் பிரியும். ஒரு பறக்கும் மீனின் கழுத்தைத் திருகுவதற்கு அவன் படும் பாடும், கொன்ற பிறகு அழும் அழுகையும் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றும், மீன்தானே. அதே கையோடு அடுத்த மீனையும் சொல்லிவிடுங்கள். பச்சையும் நீலமும் தங்கமுமாக மின்னுகிற, நெற்றி புடைத்த அந்தப் பெரிய மீன், சாகும்போது நிறம் நிறமாக மாறுகிறது. பார்த்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். தூண்டிலில் அதைப் பிடித்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள், தொழில் மும்முரத்தில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் மீனை அழுதுகொண்டே கொன்றவன் கொஞ்ச காலத்தில் அழாமல் கொல்கிறான் என்பதை மட்டும் நீங்கள் நினைவூட்டுங்கள்.

எழுபத்துநாலாம் அத்தியாயம் சின்னது, தாண்டிப் போய்விடாதீர்கள். நடுக்கடலில் பாதிரியாரும் இல்லாமல் அப்பமும் இல்லாமல் தனியாகத் திருப்பலி, சிலை இல்லாமல் தரிசனம், ஆமை இறைச்சியைப் பிரசாதமாக வைத்துப் பூஜை, மக்கா எந்தத் திசை என்று தெரியாமல் தொழுகை. ராத்திரி போட்டில் செபமாலை சொல்கிறவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். கரையில் கோயிலுக்குப் போகாத ஆள்கூட அங்கே சேர்ந்து சொல்கிறாரா, புயல் அடிக்கும்போது யார் முதலில் தொடங்குவது, திட்டிக்கொண்டே வேண்டுவது உண்டா. நம்பிக்கை பற்றி முதல் பாகத்தில் பேசிய பேச்சையெல்லாம் இங்கே வந்து உரசிப் பார்க்க வேண்டும்.

கப்பல் ஒன்று பையின் படகைக் கவனிக்காமல் பக்கத்திலேயே உரசிக்கொண்டு போய்விடும் இடத்தில் யாராவது 2018 ஆகஸ்டைச் சொல்வார்கள். முனம்பத்துக்கு அப்பால் மீன்பிடி போட்டில் கப்பல் மோதிய அந்த விபத்தில் ராமன்துறைக்காரர்கள் பலர் இருந்தார்கள். அன்றைக்கு அதற்கு மேல் படிக்க வேண்டாம், அந்தப் பேச்சோடு கலைந்துவிடலாம்.

மனிதரைத் தின்னும் மரங்கள் இருக்கிற பாசித்தீவு 92ஆம் அத்தியாயத்தில் வருகிறது. இது என்ன அர்த்தம், அது என்ன குறியீடு என்று இழுக்காமல் அப்படியே சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு பழத்தைப் பிரித்தால் உள்ளே மனிதப் பல் இருக்கும் இடத்தை மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள்.

இவ்வளவு நாள் ஒருவன் தாங்குவானா என்று பிள்ளைகள் கேட்டால் நிஜமாக நடந்தவற்றைச் சொல்லலாம். 1942 நவம்பரில் கப்பல் மூழ்கி, பூன் லிம் என்ற சீன மாலுமி அட்லாண்டிக்கில் ஒரு மிதவையில் 133 நாள் தனியாகக் கிடந்தார். சால்வடார் அல்வரெங்கா என்ற மீனவர் 2012 நவம்பரில் மெக்சிகோ கரையிலிருந்து போய், 438 நாள் கழித்து 2014 ஜனவரியில் மார்ஷல் தீவுகளில் கரையேறினார், மழைத்தண்ணீரும் மீனும் பறவையும் ஆமையுமாக உயிரைப் பிடித்துக்கொண்டு. கூடப் போன இளைஞர் வழியிலேயே இறந்துபோனார். கரையேறியவர் சொன்னதை அப்போது பலர் நம்பவில்லை. இந்தக் கடைசி வரியை அழுத்திச் சொல்லுங்கள், அடுத்த பாகத்துக்கு அதுதான் படி.

மூன்றாம் பாகம்: ரெண்டு கதை

இதை ஒரே மூச்சில் ஒரே ராத்திரியில் முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் யாராவது வீட்டில் போய்க் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிடுவார்கள்.

மெக்சிகோ கரையில் ஒதுங்கிய பையைப் பார்க்க ஜப்பான் போக்குவரத்து அமைச்சகத்திலிருந்து ரெண்டு அதிகாரிகள் வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கப்பல் ஏன் மூழ்கியது என்ற அறிக்கை. பை புலிக் கதையைச் சொல்கிறான், அவர்கள் நம்பவில்லை. ஒராங்குட்டான் வாழைப்பழக் குவியலில் மிதந்து வந்தது என்கிறான், வாழைப்பழம் மிதக்காது என்கிறார்கள். இந்த இடத்தில் கதையை நிறுத்துங்கள். முன்கூட்டியே ஒரு வாளித் தண்ணீரும், ஏத்தன்பழம் ஒரு சீப்பும், செந்துளுவன், மட்டிப்பழம் என்று வகைக்கு ஒன்றும் தயாராக வைத்திருங்கள். மிதக்கும், மிதக்காது என்று கையைத் தூக்கச் சொல்லி எண்ணிவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். மிதக்கும். கதையிலும் தொட்டியில் போட்டுப் பார்க்கிறார்கள், மிதக்கிறது. பிள்ளைகள் கைதட்டி முடிக்கட்டும்.

பிறகு விளக்கைக் கொஞ்சம் தணித்து, பை அவர்களுக்குச் சொல்கிற ரெண்டாவது கதையைச் சொல்லுங்கள். படகில் மிருகங்களே இல்லை. கால் ஒடிந்த ஒரு மாலுமி, ஒரு சமையல்காரன், பையின் அம்மா, பை. சமையல்காரன் மாலுமியின் காலை வெட்டுகிறான், இரையாக்குகிறான், கடைசியில் அம்மாவையும் கொல்கிறான், பை அவனைக் கொல்கிறான். இதைச் சொல்ல நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த ஆள் வேண்டாம். தட்டையாக, ஒன்றும் சேர்க்காமல் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். சின்னப் பிள்ளைகளை வாழைப்பழத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு இதைத் தொடங்குவது நல்லது. எந்த மிருகம் யார் என்று நீங்கள் விளக்காதீர்கள். அதிகாரிகளே கணக்குப் போடுகிறார்கள், கூட்டமும் போடும்.

பை கேட்கிறான்: கப்பல் ஏன் மூழ்கியது என்று ரெண்டு கதையும் சொல்லவில்லை, எது உண்மை என்று உங்களால் நிரூபிக்கவும் முடியாது, ரெண்டிலும் என் குடும்பம் செத்துப்போனது, எது நல்ல கதை? அவர்கள் புலிக் கதையைச் சொல்கிறார்கள். கடவுள் விஷயமும் அப்படித்தான் என்கிறான் பை.

இங்கேதான் எல்லோரும் எது உண்மை என்று கத்துவார்கள். கைதூக்கச் சொல்லி ஓட்டெடுப்பு நடத்திவிடாதீர்கள், ஓட்டெடுத்தால் பேச்சு முடிந்துபோகும். அதற்குப் பதிலாக, பை இந்தக் கதையை யாரிடம் சொல்கிறான் என்று கேளுங்கள். நம் ஊருக்கு இந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். ஒக்கிக்கு அப்புறம் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேருக்கு எத்தனை விதமாகச் சொல்ல வேண்டியிருந்தது! அதிகாரி கேட்டது எந்த இடம், எத்தனை மணி, போட்டின் பதிவு எண். கூடப் போனவனின் மனைவி கேட்டது கடைசியாக அவர் என்ன சொன்னார் என்று. அவளுக்கும் அதிகாரிக்கும் ஒரே கதையைச் சொல்ல முடியுமா? ‘ஆபீசருக்குச் சொன்னது ஆபீசருக்கு, அவ கிட்ட அப்பிடிச் சொல்ல ஒக்குமா’ என்று யாராவது ஒரு அண்ணன் மெதுவாகச் சொன்னால், அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் கேட்க வேண்டாம். பெண்கள் பக்கம் திரும்பி, உங்களுக்குச் சொல்லப்பட்டதில் எதை நம்பினீர்கள் என்று கேட்பதும் வேண்டாம். அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழு வருஷமாகத் தகவல் இல்லாத ஒருவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சட்டத்தின் பொதுவான கணக்கு. உடல் கிடைக்காத வீட்டில் அந்தக் கணக்கு வேறு மாதிரி ஓடும், கன்னியாகுமரியிலிருந்து கொல்லம் வரை எந்தக் கடற்கரையில் கேட்டாலும் சொல்வார்கள். எந்தக் கதையை வைத்துக்கொண்டு ஒருவரால் காலையில் எழுந்திருக்க முடிகிறது என்பதைத்தான் பை கேட்கிறான் என்று நான் நினைக்கிறேன். ரெண்டாவது கதைதான் நடந்தது, முதல் கதை அதை மூடிய துணி என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முதல் கதையிலும் ரத்தம் இருக்கிறது, பசி இருக்கிறது, கொலை இருக்கிறது, எதையும் அது மறைக்கவில்லை. புலி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் போனதற்கு அவன் அழும் அழுகையை ஒரு மூடுதுணிக்காக யாரும் அழ மாட்டார்கள். ஆனால் இது என் எண்ணம். நடத்துகிறவர் தன் எண்ணத்தைக் கடைசியாகத்தான் சொல்ல வேண்டும், கேட்டால் மட்டும்.

முடித்த பிறகு

ரிச்சர்ட் பார்க்கர் என்ற புலியின் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை முடித்த மறுநாள் சொல்லுங்கள், அதற்கு முன் சொன்னால் ரெண்டாவது கதை அவிழ்ந்துவிடும். 1884இல் மிக்னோனெட் என்ற இங்கிலாந்துப் படகு மூழ்கி, நாலு பேர் சின்னப் படகில் மிதந்தார்கள். அவர்களில் பதினேழு வயதுப் பையன் ரிச்சர்ட் பார்க்கரைக் கொன்று மற்றவர்கள் தின்றார்கள். கரையேறிய பிறகு ரெண்டு பேருக்கு மரண தண்டனை விதித்து, பின் ஆறு மாதச் சிறையாகக் குறைத்தார்கள். சட்டம் படிக்கிற பிள்ளை யாராவது கூட்டத்தில் இருந்தால் அந்த வழக்கைப் பற்றி அவர்களே பேசட்டும், உயிர் பிழைக்கச் செய்த கொலை குற்றமா இல்லையா என்பதற்கு இன்றைக்கும் அதைத்தான் எடுத்துப் படிக்கிறார்கள்.

படத்தை எப்போதும் புத்தகத்துக்குப் பிறகே போடுங்கள். முதலில் படம் பார்த்துவிட்டால், சொல்கிற ஆள் எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் எல்லோர் மனதிலும் அந்தக் கம்ப்யூட்டர் புலிதான் ஓடும். படத்தில் கடல் காட்சிகளை எடுத்தது தைவானில் ஒரு பெரிய அலைத்தொட்டியில். 1982இல் அட்லாண்டிக்கில் 76 நாள் மிதவையில் தனியாகக் கிடந்து பிழைத்த ஸ்டீவன் கலஹன் ஆலோசனைக்கு இருந்ததால், படகுக்குள் இருக்கும் சாமான்களும் அவற்றைப் பை பயன்படுத்தும் விதமும் பார்க்கத் தகுந்தவை. பெரியவர்கள் அதைத்தான் கவனிப்பார்கள். மூணாறு வரும்போது தேயிலைத் தோட்டத்தில் சொந்தக்காரர் இருப்பவர்கள் எழுந்து நின்று இடம் காட்டுவார்கள், ஒலியைக் கொஞ்சம் குறைத்து அவர்கள் சொல்வதையும் கேட்டுவிட்டு மேலே ஓடவிடுங்கள்.

போட்டுக்காரர்கள் சொன்ன பட்டியலையும், நடக்கும் நடக்காது என்று பிரித்துச் சொன்னதையும் பிள்ளைகள் எழுதி வைத்திருப்பார்களே, அதை நல்லபடியாக எழுதிச் சொன்னவர்களிடமே படித்துக் காட்டி, எது வெளியே போகலாம் எது போகக் கூடாது என்று கேட்டு அதன்படி செய்யுங்கள். ஒக்கி பற்றிப் பேசியதை எழுதவே வேண்டாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொன்னவர் கேட்டுக்கொண்டால், அவர் சொன்ன சொல்லில், அவர் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதி, அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள். ஆகஸ்ட் 1 வந்தால் போட்டுகள் எல்லாம் கொச்சிக்குப் போய்விடும், அதனால் இந்த வேலையை ஜூலை கடைசி வாரத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது.